ரத்த மெசினில் சீன எழுத்து

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வந்த மின்னஞ்சலைச் சிவரஞ்சனி நான்கு தடவை படித்தாள். எழுதியிருந்தது முதல் தடவையே புரிந்துவிட்டது. அப்படி நடந்திருக்கும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

அனுப்பியவர் பெயர் ஷெர்வின். யார் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பெங்களூரில் உட்கார்ந்து தேடுவது அவருடைய பிழைப்பு. அவர் இந்தத் தடவை எடுத்துப் பிரித்தது 'சரடு' என்ற நிரல் தொகுப்பை. அது சிவரஞ்சனி ஐந்து வருடத்துக்கு முன் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டு வைத்தது. யுஎஸ்பி ஒயரில் ஒரு கருவியைக் கணினியில் சொருகினால், 'நீ யார், உன் பெயர் என்ன' என்று கணினி கேட்கும். கருவியின் சார்பில் அதற்குப் பதில் சொல்வது சரடின் வேலை.

ஷெர்வின் சொன்ன குற்றம் இதுதான். கருவியின் பெயர் பத்து எழுத்து என்று வைத்துக்கொள்வோம். கணினி நூறு எழுத்து கேட்டால், 'என்னிடம் இருப்பது பத்துதான்' என்று சொல்ல வேண்டும். சரடு அப்படிச் சொல்வதில்லை. பத்தைக் கொடுத்த கையோடு, நினைவகத்தில் பெயருக்குப் பக்கத்தில் என்ன கிடக்கிறதோ அதையும் அள்ளி நூறாக்கிக் கொடுத்துவிடுகிறது. 'பக்கத்தில் என்ன கிடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பார்த்துவிட்டு, இந்த ஓட்டையின் கடுமை எவ்வளவு என்று சொல்லுங்கள். இதைப் பற்றிய என் கட்டுரை அதன் பிறகு வெளிவரும்' என்று முடித்திருந்தார்.

சிவரஞ்சனி எதையும் நோட்டில் எழுதிவைத்துச் செய்கிறவள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். அவளே சரடைப் போட்டுச் செய்த கருவி ஒன்றே ஒன்று. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இரும்புச்சத்து எவ்வளவு என்று காட்டும் கையடக்க மீட்டர். ஏற்காட்டில், அவள் வீட்டு மாடியறையில் கோத்தது. சேலத்து அறக்கட்டளை ஒன்றின் வழியாக நாற்பது மீட்டர்கள் மலை ஊர்களின் சுகாதாரத் தன்னார்வலர்களிடம் போயிருந்தன. பெட்டி மேல் 'மலர்' என்று அழகாக அச்சடித்திருந்தாலும் எல்லாரும் அதை ரத்த மெசின் என்றே சொன்னார்கள்.

மேசையில் இருந்த மீட்டரைச் சொருகி இருநூற்றைம்பது எழுத்து கேட்டுப் பார்த்தாள். பெயர் வந்தது. அதன் பின்னால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒயரை மாற்றினாள். பூஜ்யம். வேறொரு மீட்டரை எடுத்தாள். அதிலும் பூஜ்யம்தான். நிரலைத் திறந்து பார்த்தால் ஷெர்வின் சொன்ன தப்பு, வெள்ளைச் சட்டையில் மைக்கறை போல அங்கேயே உட்கார்ந்திருந்தது. தப்பு இருக்கிறது, ஆனால் வெளியே ஒன்றும் வரவில்லை. அப்படியானால் இதை என்னவென்று சொல்வது?

பெயருக்குப் பக்கத்தில் என்ன வைத்திருந்தோம் என்று தேடினாள். கடைசியாகப் பரிசோதிக்கப்பட்டவரின் எண். அவ்வளவுதான். ஆள் பெயர் எதுவும் மீட்டரில் ஏறக் கூடாது என்று, 'எண்' என்ற ஒரே ஒரு பெட்டியை மட்டும் அவள்தான் வைத்திருந்தாள். மேசை மீட்டரில் எண்ணே கொடுக்காமல் சோதிப்பது அவள் வழக்கம். பூஜ்யம் வந்த காரணம் அதுவாக இருக்கலாம்.

பதில் எழுத உட்கார்ந்தாள். 'கடுமை: குறைவு. வெளியே போகக்கூடியது ஓர் எண் மட்டுமே. அந்த எண் யாருடையது என்று தன்னார்வலர் தவிர யாருக்கும் தெரியாது.' அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தபோது கைபேசி அடித்தது.

கடைவீதியில் கைபேசி பழுது பார்க்கும் சையத் இப்ராஹிம். சிவரஞ்சனியைப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தெரிந்தவர்.

"ஏம்மா ரஞ்சனி, உன் ரத்த மெசினு எந்த ஊருல செஞ்சது?"

"ஏனுங்க பாய், எங்க ஊட்டு மாடியிலதானுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப உங்க ஊட்டு மாடி சீனாவுல இருக்குதாட்ட இருக்குது. வந்து பாரு."

அவள் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. வெள்ளக்கடை என்ற ஊரின் தன்னார்வலர் அமுதா, திரை உடைந்த டேப்லெட்டையும் அதோடு மீட்டரையும் காலையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒயர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, இப்ராஹிம் மீட்டரைத் தன் கணினியில் சொருகியிருக்கிறார். கணினித் திரையில், சொருகிய கருவிகளின் வரிசையில், 'மலர்' என்பதற்கான ஆங்கில எழுத்துகள். அதை ஒட்டினாற்போல் நீளமாக ஒரு வரி சீன எழுத்து.

சிவரஞ்சனி குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். சீன மொழிக்கும் அவள் எழுதிய நிரலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"போனுல தமிழ்ப்படுத்திப் பாத்தேன்" என்றார் இப்ராஹிம். "பிளம்ஸு மரம், கொண்டாட்டம், கஞ்சத்தனம்னு வருது. அதுக்கு மேல எனக்கும் புரியல, போனுக்கும் புரியல."

"ஏதோ தப்பா வருதுங்க பாய்."

"தப்பு வராது தங்கச்சி. சாமானு வாங்குன எடத்தச் சொல்லுது. மேல மட்டும் மலருன்னு ஸ்டிக்கரு ஒட்டிட்டயாக்கு? சொல்லிட்டா நான் என்ன போலீசா?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெர்வின் சொன்ன ஓட்டை இதுதான் என்று மட்டும் ஒரு மூலையில் தோன்றியது. வீட்டில் பூஜ்யமாக வந்தது இங்கே ஏன் சீனமாக வருகிறது? எண் பெட்டியில் சீன எழுத்தை யார் போட்டது? அமுதாக்காவா? நினைக்கவே கிறுக்குத்தனமாக இருந்தது.

திரையைத் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். பிறகு நோட்டைப் பிரித்து, முதல் சீன எழுத்துக்குக் கணினிக்குள் இருக்கும் குறியெண்ணைக் கேட்டு எழுதினாள். 6973. இரண்டாவதைக் கேட்டாள். 6176. ஐந்தாறு எழுதிய பிறகு கை நின்றது. ஒவ்வொன்றையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். 69, 73. 61, 76. இந்த எண்கள் அவளுக்குப் பழக்கமானவை. ஆங்கில எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்கள். யாரோ ஆங்கில எழுத்தில் அடித்து வைத்ததைக் கணினி இரண்டிரண்டாக ஒட்டி, ஒரே எழுத்தென்று நினைத்து வாசித்திருக்கிறது. ஒட்டியது சீனமாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஜோடியையும் பின்னிருந்து முன்னாகப் படித்தால் போதும்.

படித்தாள். முதலில் 'சிவ' என்று வந்தது. தன் பெயர்தான் எப்படியோ உள்ளே போய்விட்டதோ என்று ஒரு நொடி குழம்பினாள். அடுத்த மூன்று ஜோடியில் அது 'சக்தி' என்று முடிந்தது. அவள் நிறுத்தாமல் கடைசி வரை பிரித்தாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். 'சிவசக்தி கண்ணாயி மருமக மேக்கால ஊடு 7 வாரம் ஊட்ல சொல்லல.'

நோட்டைப் பட்டென்று மூடினாள்.

"என்னம்மா, கஞ்சத்தனத்துக்கு அடுத்து என்ன வருது?" என்றார் இப்ராஹிம்.

"பாய், இதப் படம் கிடம் எடுத்தீங்களா?"

"எடுத்தேன். சைனா எழுத்து படிக்கத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களான்னு நம்ம கடைவீதி குரூப்புல போட்டுருக்கேன். முக்கா மணி நேரமாச்சு. ஒருத்தனுக்கும் தெரியல. ஆளாளுக்குக் கேலிதான் பண்றானுக."

கைபேசியை நீட்டினார். நூற்று நாற்பது பேர் இருக்கும் குரூப். படத்துக்குக் கீழே வரிசையாகப் பதில்கள். 'நம்ம ஊர் தயாரிப்புன்னு போர்டு வெச்சாங்களே?' 'அறக்கட்டளைக்கு இது தெரியுமா?' 'ஏமாத்து வேலை.'

கண்ணாயி வீட்டில் யாராவது இந்தக் குரூப்பில் இருக்கிறார்களா? தெரியாது. இருந்தாலும் படித்தால் புரியாது. இன்றைக்குப் புரியாது. ஷெர்வின் தன் கட்டுரையை வெளியிட்டு, இந்த மாதிரிப் பிரித்துப் படித்தால் உள்ளே இருப்பது தெரியும் என்று விளக்கினால், பொழுது போகாத எவனும் அரை மணி நேரத்தில் படித்துவிடுவான். சிவசக்தி யார் என்றே சிவரஞ்சனிக்குத் தெரியாது. முகம்கூடப் பார்த்ததில்லை. அவள் வயிற்றில் ஏழு வாரம் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. தெரிந்திருக்கவே கூடாத ஆள் தான்தான் என்று பட்டது.

"பாய், அந்தப் படத்த எல்லாருக்கும் அழிச்சுருங்க."

"அழிச்சா நெசம்னு ஆயிரும். அப்புறம் நொம்பப் பேசுவாங்க."

"பேசட்டுங்க."

"அப்ப சைனா சாமானுதானா?"

காரணத்தைச் சொன்னால் எழுத்துக்குள் என்னவோ இருக்கிறது என்று ஆகிவிடும். இல்லை என்று சாதித்தால், அப்படியானால் என்ன எழுத்து என்று நூற்று நாற்பது பேரும் கிளறுவார்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மேசையையே பார்த்தாள். பிறகு பொய்யாகாத ஒன்று அகப்பட்டது.

"உள்ள இருக்கற சிப்பு சைனாவுலருந்து வந்ததுதானுங்க பாய்."

"பாத்தயா?" என்றார் அவர், ஜெயித்த முகத்தோடு. படத்தை அழித்தார். 'சிப்பு மட்டும் சைனாவாம். சரி பண்ணித் தர்றாங்களாம்' என்று ஒரு வரி போட்டார். உடனே மூன்று பேர் சிரிக்கிற முகத்தை அனுப்பினார்கள். தன் கைபேசியில் இருந்த படத்தையும் அவரே தேடி அழித்தார். ஒயரைச் சுருட்டி மீட்டரைக் கொடுக்கும்போது சிரிப்பு அடங்கியிருந்தது.

"ஏம்மா, அது யாரோ ஒரு ஆளு சமாச்சாரமா?"

அவள் மீட்டரை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"நான் கேக்கல. பதினெட்டு வருசமா ஊருப்பட்ட போனு இந்த மேசையில கெடக்குது. எதுக்குள்ளயும் நான் எட்டிப் பாத்ததில்ல. இது சொருகுனதும் தானா வாயத் தொறந்துருச்சு, நான் என்ன பண்றது?"

வெள்ளக்கடைக்கு ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் ஒரே கேள்வி அவளைச் சுற்றி வந்தது. எண் என்று எழுதியிருக்கும் பெட்டியில் ஒருத்தர் ஏன் ஊர்க்கதை எழுத வேண்டும்?

அமுதா வீட்டு வாசலில் காயப் போட்ட காபிக்கொட்டையைப் பலகையால் கிளறிக்கொண்டிருந்தார். சிவரஞ்சனி கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"நம்பரா? எந்த நம்பரு கண்ணு? யாரு எங்களுக்கு நம்பரு குடுத்தாங்க? மெசினக் கைல குடுத்தாங்க, எழுதுன்னாங்க. எங்க ஊருல கண்ணாயின்னு மட்டும் ஏழு பேரு. சின்னன்னு கூப்புட்டா பாதி ஊரு திரும்பும். அஞ்சு, ஆறுன்னு நம்பரு போட்டு, ஒருத்திக்குக் குடுக்கற மாத்திரைய இன்னொருத்திக்குக் குடுத்தா யாரு பதில் சொல்றது? நீயா வந்து சொல்லுவ?"

"எண்ணுன்னு போட்டிருக்குதுங்களே அக்கா."

"போட்டிருக்குது. எழுத்து அடிச்சா அதுவும் ஏறுதே. நொம்ப நீளமா வேற எடம் விட்டிருந்துச்சு. யாரு ஊடு, யாரு மருமகளுன்னு எழுதத்தான் இத்தன எடம் விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

அந்த நீளம் அறுபத்து நான்கு எழுத்து. எண் எவ்வளவு பெரிதாக வரும் என்று தெரியாமல், கிடக்கட்டும் என்று சிவரஞ்சனி விட்ட நீளம். எண்ணோடு ஓரிரு எழுத்து கலந்து வரலாம் என்று எழுத்தையும் அனுமதித்தது அவள்தான்.

"'ஊட்ல சொல்லல'ன்னும் எழுதியிருக்கீங்க."

அமுதாவின் கையிலிருந்த பலகை நின்றது. "அது உனக்கு எப்புடித் தெரியும்?"

சிவரஞ்சனி சொன்னாள். முதலில் சுருக்கமாக, பிறகு விளக்கமாக, பிறகு சீன எழுத்தை நோட்டில் வரைந்து காட்டி. எத்தனை விதமாகச் சொல்லியும் அமுதாவுக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது.

"வெளிய போயிருச்சா?"

"போச்சுங்க. ஆனா யாருக்கும் புரியாதுங்க."

"உனக்குப் புரிஞ்சுதே?"

சிவரஞ்சனி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ளைக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சு போச்சு கண்ணு" என்றார் அமுதா, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு தடவையும் மொத வாரத்துலயே ஊரெல்லாம் சொல்லி, சக்கர குடுத்து, அப்புறம் ஊரெல்லாம் வந்து துக்கம் கேட்டுட்டுப் போச்சு. இந்தத் தடவ புருசனுக்கு மட்டும் சொல்லியிருக்குது. மாமியாளுக்கும் சொல்லல. அந்தம்மா எதுக்க நான் வாய் தவறி ஒளறிறக் கூடாதுன்னுதான் எழுதி வெச்சேன். மெசினுக்குள்ள எழுதுனா பத்தரமா இருக்கும்னு எழுதி வெச்சேன்."

சிக்னல் கிடைக்கும் திருப்பத்தில் நின்று சிவரஞ்சனி ஷெர்வினை அழைத்தாள். கடுமை அதிகம் என்றாள். காலையில் என்ன நினைத்திருந்தாள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பெயர் எதையும் சொல்லாமல், நடந்ததை வரிசையாகச் சொன்னாள். திருத்தத்தை நான்கு நாளில் போட்டுவிட முடியும், நாற்பது மீட்டரையும் ஊர் ஊராகப் போய் வாங்கி மாற்ற ஒரு மாதம் ஆகும், கட்டுரையை மட்டும் இப்போது வெளியிட வேண்டாம் என்றாள்.

"வழக்கமா தொண்ணூறு நாள் பொறுப்போம்" என்றார் ஷெர்வின். "திருத்தம் சீக்கிரம் வந்துட்டா கட்டுரையையும் சீக்கிரம் போடுறதுதான் முறை. ஆனா நீங்க சொல்றதப் பாத்தா முழுசாவே பொறுக்கலாம். அதுவரைக்கும் வெளியாள் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

"சம்பந்தப்பட்டவங்ககிட்டச் சொல்லலாமா?"

"அவங்களுக்கே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"அவங்க எப்படி வெளியாள் ஆவாங்க?" என்றார். அவர் குரலிலும் இப்போது ஒரு குழப்பம் ஏறியிருந்தது. "நான் இதுவரைக்கும் கம்பெனிகளுக்குத்தான் எழுதியிருக்கேன். ஆளுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலைங்க."

வேலை முடிந்து வீடு திரும்ப, மூன்றரை மணிக்குச் சிவசக்தி எஸ்டேட் பஸ் நிறுத்தத்துக்கு வருவாள் என்று அமுதா சொல்லியிருந்தார். இருவரும் ஸ்கூட்டரில் போய் அங்கே காத்திருந்தார்கள். வந்தாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். காபிப் பழம் பறித்த விரல்கள் கறுத்திருந்தன. அமுதாவையும் பழக்கமில்லாத ஒருத்தியையும் சேர்த்துப் பார்த்ததும், ரத்தத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து அவள் முகம் மாறிவிட்டது.

"இரும்பு கொறஞ்சு போச்சுங்களா?"

"இல்ல சாமி, அதெல்லாம் நல்லாருக்குது" என்று அமுதா அவசரமாகச் சொன்னார்.

சிவரஞ்சனி ஆரம்பித்தாள். அமுதாவிடம் சொன்னதைவிட மோசமாகச் சொன்னாள். நடுவில் மன்னிப்புக் கேட்டாள். மறுபடி மீட்டரிலிருந்து ஆரம்பித்தாள். சிவசக்தி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒன்று கேட்டாள்.

"எத்தன பேரு பாத்தாங்க?"

"நூத்தி நாப்பது பேரு இருக்கற குரூப்பு. பாத்தவங்க எத்தனையோ தெரியல. இப்ப அழிச்சாச்சு. எடுத்து வெச்சவங்க யாராச்சும் இருந்தா... அதுவும் தெரியல. இன்னும் தொண்ணூறு நாளைக்கு அதப் படிக்கற வழி வெளிய வராது."

சிவசக்தி விரல் விட்டு எண்ணினாள். "தொண்ணூறு நாளுன்னா அஞ்சாம் மாசம் வந்துரும்."

"ஆமா."

"அது போதுங்கக்கா. அதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இல்லாட்டித் தெரியறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அமுதா சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவரஞ்சனிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அந்தப் படம் இருக்குதுங்களா?" என்றாள் சிவசக்தி.

சிவரஞ்சனி தன் கைபேசியில் எடுத்திருந்ததைக் காட்டினாள். சிவசக்தி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுல எது எம் பேரு?"

"இந்த அஞ்சு."

"ஊட்ல சொல்லலங்கறது?"

வரியின் கடைசியைச் சிவரஞ்சனி தொட்டுக் காட்டினாள். சிவசக்தி வெகுநேரம் அதையே பார்த்தாள். அவள் அழப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அழிச்சுரட்டுமா?"

"அழிச்சுருங்க" என்றாள். படம் போனதும், "கடைவீதியில உங்கள என்னுங்க சொல்றாங்க?" என்று கேட்டாள்.

படம் குரூப்பில் போனதைச் சொல்லும்போது கேலி நடந்ததையும் சிவரஞ்சனி சொல்லியிருந்தாள். "சைனா சாமானுல ஸ்டிக்கரு ஒட்டி ஏமாத்திட்டேன்னு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா உன் கதை வெளிய வந்துரும்."

பஸ் வளைவில் வந்து திரும்பியது. சிவசக்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எங்க அத்தகிட்ட நானேதான் சொல்லுவேன். இன்னைக்கு இல்ல. சொன்னதும் அமுதாக்காகிட்டச் சொல்லிவிடறேன். அப்ப நீங்களும் கடைவீதியில சொல்லிக்கங்க. எம் பேரச் சொல்லியே சொல்லுங்க, எனக்கொண்ணுமில்ல. அது வரைக்கும் உங்களச் சைனாக்காரின்னா சொல்லிட்டுப் போறாங்க."

"சரிங்க" என்றாள் சிவரஞ்சனி. வயதில் சின்னவளை 'ங்க' போட்டுப் பேசுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சிவசக்தி ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தவள், திரும்பிப் பார்க்கவில்லை.

"இனி நான் என்ன எழுதறது கண்ணு?" என்றார் அமுதா. "பேரும் கூடாது, ஊடும் கூடாது. நம்பருன்னா எந்த நம்பரு?"

சிவரஞ்சனி நோட்டைத் திறந்து புதுப் பக்கத்தில் ஒன்று என்று எழுதினாள். அதற்கு எதிரே என்ன எழுதுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. "வாங்கக்கா, உக்காந்து யோசிப்போம்" என்றாள்.